அந்த வீட்டில் மட்டும் ஏன் திரும்பி வந்தது?

"மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தலையே சார், அப்புறம் எப்படித் திரும்ப வந்துச்சு?"

மனச்சிதைவு நோய் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளில் இதுதான் மிகவும் வேதனையானது. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வியும் நிற்கும். அதே ஆஸ்பத்திரியில், அதே மாதத்தில், அதே மாத்திரையோடு வீட்டுக்குப் போன இன்னொருவர் இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறார். அவருடைய நோய் லேசானதா? அவர்கள் கும்பிட்ட சாமி வேறா? எங்கள் வீட்டில் அப்படி என்ன குறை?

இந்தக் கேள்விக்கு அறிவியலில் ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு தாயின் மனம் உடைந்துபோகும். சரியாகப் புரிந்துகொண்டால் ஒரு வீடே மூச்சு விடும். அதனால் கொஞ்சம் மெதுவாகவே போவோம்.

முதலில் நோய்

மனச்சிதைவு நோய் என்பது ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பது என்று சினிமா பார்த்துப் பலர் நினைத்திருக்கிறார்கள். அது வேறு. இந்த நோயில் மூளை, வெளியிலிருந்து வருவதையும் உள்ளே எழுவதையும் பிரித்தறியும் திறனில் தடுமாறுகிறது. யாரும் பேசாதபோது குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் அது தனக்கான சைகை என்று தோன்றும். பெரும்பாலும் பதினேழு, பதினெட்டில் தொடங்கி முப்பது வயதுக்குள் வந்துவிடும். வாழ்நாள் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது. மரபும் மூளையின் வளர்ச்சியும் சேர்ந்து இதற்கான வாய்ப்பை உண்டாக்குகின்றன. வளர்ப்பு முறையால் வரும் நோய் இல்லை இது.

குரல் கேட்பதும் சந்தேகமும் கண்ணுக்குத் தெரியும் பாதி. மற்ற பாதி, இருந்த ஆர்வம் வடிந்துபோவது. குளிக்கத் தோன்றாது, பேசத் தோன்றாது, எழுந்திருக்கத் தோன்றாது. மாத்திரை முதல் பாதியை நன்றாகவே அடக்கும், இரண்டாவது பாதியை அவ்வளவாகத் தொடாது. வீட்டில் சண்டை மூள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியை வைத்துத்தான். குரல் கேட்பதை நோய் என்று ஒப்புக்கொள்கிற அப்பா, பத்து மணி வரை படுத்திருப்பதைச் சோம்பல் என்றுதான் சொல்வார்.

லண்டனில் ஒரு முரண்

1950-களில் புதிய மருந்துகள் வந்தன. பல வருஷங்களாக மனநல மருத்துவமனைகளில் அடைந்துகிடந்தவர்கள் வீடு திரும்பினார்கள். அப்படி வெளியே வந்த 229 ஆண்களின் நிலையை ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டனில் ஆராய்ந்தார்கள். 1958-இல் வெளியான அந்த முடிவு யாரும் எதிர்பாராதது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, தனி விடுதிகளிலோ அண்ணன் தம்பி வீட்டிலோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள்.

அன்புக்குரியவர்களிடம் போனவர்களுக்கு ஏன் மோசமாக வேண்டும்? பிரவுன் வீடு வீடாகப் போனார். உறவினர்களைத் தனியாக உட்காரவைத்து, கடந்த சில மாதங்களில் வீட்டில் நடந்ததைப் பேசச் சொன்னார். சொன்ன சேதியை மட்டும் பார்க்காமல் சொன்ன குரலையும் கவனித்தார். எத்தனை தடவை குறை சொன்னார்கள், அந்த ஆளையே வெறுப்பதுபோல் பேசினார்களா, அவரைக் கைக்குழந்தையாக்கித் தங்கள் வாழ்க்கையையே அவருக்குள் கரைத்துவிட்டார்களா என்று கணக்கெடுத்தார். இந்த மூன்றையும் சேர்த்து ஆய்வாளர்கள் 'வெளிப்படும் உணர்ச்சி' என்று பெயரிட்டார்கள். இந்த அத்தியாயத்தில் இனி அதை 'வீட்டுச் சூடு' என்றே சொல்கிறேன். அடுப்பங்கரையில் இருக்கும் சூடுபோல, உள்ளேயே இருப்பவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். தோல் மெலிந்தவருக்குத்தான் சுடும்.

1972-இல் 101 பேரைப் பின்தொடர்ந்தபோது கணக்கு தெளிவானது. சூடு அதிகமான வீட்டுக்குப் போனவர்களில் ஒன்பது மாதத்துக்குள் 58 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. சூடு குறைந்த வீட்டில் 16 விழுக்காட்டினருக்கு.

நாம் தொடங்கிய கேள்விக்கு நேரான விடை 1976-இல் வந்தது. கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் இன்னொரு கூட்டம் நோயாளிகளை ஆராய்ந்து, பழைய கணக்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சூடு குறைந்த வீட்டில் 12 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. சூடு அதிகமான வீட்டில், அந்த உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களில் 53 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. அதே சூடான வீடு, ஆனால் 35 மணிக்குக் குறைவாகச் சேர்ந்திருந்தார்கள் என்றால் 15. சூடான வீடு, நீண்ட நேரம், மாத்திரையும் இல்லை என்றால் 92.

இந்த நான்கு எண்களையும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மாத்திரை எவ்வளவு முக்கியம் என்பதும், மாத்திரை மட்டும் ஏன் போதவில்லை என்பதும் இரண்டுமே இதில் இருக்கின்றன.

குற்றவாளி யாரும் இல்லை

இங்கேதான் வழுக்கும் இடம். "அப்படியென்றால் அம்மாதான் காரணம்" என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே சொன்னது. 1948-இல் ஃபிரீடா ஃப்ரம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், இந்த நோயை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லையே உருவாக்கினார். இருபது, முப்பது வருஷங்கள் உலகெங்கும் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆதாரம் எதுவும் இல்லாத பழி. அறிவியலின் பெயரால் பெண்களுக்குச் செய்யப்பட்ட பெரிய அநியாயங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

வீட்டுச் சூடு நோயை உண்டாக்குவதில்லை. வந்த நோய் அடங்கியிருக்குமா, திரும்புமா என்பதில்தான் அதற்குப் பங்கு. அந்தச் சூடும் பெரும்பாலும் நோயிலிருந்தே பிறக்கிறது. மூன்று ராத்திரி தூங்காத மகனோடு தானும் தூங்காமல் உட்கார்ந்திருந்த அம்மா, நாலாவது நாள் காலையில் சிடுசிடுப்பதில் என்ன வியப்பு இருக்கிறது?

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் 1979-இல் லண்டனில் அளந்தார்கள். நோயாளியின் தோலில் வியர்வையால் ஏற்படும் நுண்ணிய மின்மாற்றத்தைக் கருவி பதிவு செய்துகொண்டிருக்கும்போது உறவினரை அறைக்குள் அனுப்பினார்கள். சூடு குறைந்த உறவினர் உள்ளே வந்ததும் படபடப்பு மெல்ல இறங்கியது. சூடு அதிகமானவர் வந்தபோது இறங்கவே இல்லை. அமைதியான சொந்தக்காரர் பக்கத்தில் இருப்பதே ஒரு மருந்து என்று இந்தக் கண்டுபிடிப்பைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

நம் நாட்டுக் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சண்டிகரில் நரேந்திர விக் குழுவினர் இதே அளவுகோலால் அளந்து 1987-இல் வெளியிட்டார்கள். லண்டனில் உறவினர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சூடு அதிகமானவர்கள் என்றால், இங்கே 23 விழுக்காடுதான். கூடிவாழும் வீட்டில் பொறுப்பைப் பங்குபோடப் பல கைகள் இருந்தன என்பது அதற்கு ஒரு விளக்கம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கணக்கு அது. அண்ணன் சிங்கப்பூரில், தம்பி திருப்பூரில், வீட்டில் வயதான இருவர் மட்டும் என்று ஆகிவிட்ட ஊர்களில் அந்த எண்ணை நம்பி உட்கார முடியாது.

கட்டுமாவடியில் ஒரு வீடு

சூட்டைக் குறைக்கப் பழக முடியுமா? முடியும். அதற்குப் பெயர் குடும்பச் சிகிச்சை. அது எப்படி நடக்கும் என்று பார்க்க ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கட்டுமாவடியில் அந்த வீட்டை வைக்கிறேன். ஆட்கள் கற்பனை. நடப்பது எதுவும் கற்பனை இல்லை.

அப்பா நாட்டுப் படகில் நண்டு வலைக்குப் போகிறவர். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறார். மகனுக்கு 24 வயது, பாலிடெக்னிக் முடித்தவன். மகளுக்கு 20. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகன் தூங்காமல் இருந்தான், செல்போனைத் துணியால் சுற்றி வைத்தான், அம்மா போட்ட சோற்றை மோந்து பார்த்தான். கோடாங்கியிடம் போனார்கள். தர்காவில் ஓதிப் பார்த்தார்கள். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரி. குரல் அடங்கியது. வீட்டுக்கு வந்தான். எட்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது.

முதல் அமர்வில் சிகிச்சையாளர் எதையும் போதிக்க மாட்டார். கேட்பார். அப்பா சொல்கிறார்: "திங்கிறான், தூங்குறான். இந்த வயசுல நான் ரெண்டு தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன்." அம்மா சொல்கிறார்: "நான்தான் ஊட்டி விடுறேன். ராத்திரி அவன் பக்கத்துலயே படுத்துக்குவேன். எங்கயும் அனுப்புறதில்ல." தங்கை வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒன்று சொல்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் இருந்தபோது அண்ணனைப் பின்னறையில் பூட்டி வைத்தார்களாம்.

மூன்று பேருக்கும் மூன்று விதமான சூடு. மூன்றுக்கும் அடியில் இருப்பது பயம்தான்.

இரண்டாவது, மூன்றாவது அமர்வுகள் நோயைப் பற்றி. மகனும் உட்கார்ந்திருப்பான். அவனைத் தள்ளிவைத்துவிட்டு அவனைப் பற்றிப் பேசுவதில்லை என்பது இந்தச் சிகிச்சையின் முதல் மரியாதை. ஆர்வம் வடிவதும் நோயின் பகுதி என்று கேட்கும்போது அப்பாவின் முகம் மாறும். "அப்ப இது சோம்பேறித்தனம் இல்லையா?" என்பார். இந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தான் திட்டியதெல்லாம் நோயை என்று தெரிந்த மனிதர், மறுநாள் திட்டுவதற்கு முன் ஒரு கணம் நிற்பார்.

அப்புறம் பேச்சுப் பழக்கம். "எத்தன தடவடா சொல்றது, மனுசன் மாதிரி இரு" என்ற வாக்கியத்தில் மகன் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. அதையே, "நேத்து வலைய மடிச்சு வச்சிருந்த. பாத்தேன், நல்லாருந்துச்சு. இன்னிக்கு ஒம்பது மணிக்குக் குளிச்சிட்டு வா, ஒண்ணாச் சாப்பிடுவோம்" என்று சொன்னால் அதில் ஒரு பாராட்டு இருக்கிறது, ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அப்பாவுக்கு இது வெட்கமாக இருக்கும். சிகிச்சையாளர் எதிரில் நான்கைந்து தடவை சொல்லிப் பழகுவார். எழுத்தில் சிறியதாகத் தெரியும் இந்தப் பழக்கம்தான் நடைமுறையில் மிகவும் கடினம்.

குரல் திரும்பக் கேட்டால் என்ன சொல்வது? "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா இரு" என்று மல்லுக்கட்டினால் அவன் தனியாகிவிடுவான். "ஆமாம்பா, எனக்கும் கேக்குது" என்றால் அது பொய். நடுவில் ஒரு வழி உண்டு: "எனக்குக் கேக்கலப்பா. ஆனா ஒனக்குக் கேக்குது, பயமா இருக்குன்னு தெரியுது. வா, வெளிய செத்த உக்காருவோம்."

அடுத்து அந்த 35 மணிக் கணக்கு. அம்மா காலை பத்து மணிக்கு மார்க்கெட்டிலிருந்து வருகிறார். இரவு பத்து வரை மகனோடுதான். ஒரு நாளைக்கு 12 மணி என்றால் வாரத்துக்கு 84. இதைக் குறைக்க மகனை எங்கும் அனுப்பிவிட வேண்டியதில்லை. தாய்மாமன் வலை சரிசெய்யும் கொட்டகைக்குத் தினமும் பதினொன்றிலிருந்து மூன்று வரை போகிறான். வாரத்துக்கு 28 மணி கழிந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கென்று திண்ணையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ரேடியோ, தனியாக இரண்டு மணி நேரம். இன்னும் 14 போனது. மிச்சம் 42. வாரத்தில் இரண்டு மாலை அம்மா மகளிர் குழுவுக்கும் தன் அக்கா வீட்டுக்கும் போய் நான்கு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் எட்டு மணி குறையும். 34. அம்மா முதலில் ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் இல்லாட்டி மாத்திரை போடுவானா?" என்பார். அந்த நேரத்துக்குத் தங்கை பொறுப்பேற்கிறாள், பிறகு அவனே. 35 என்பது ஆய்வுக்காக வரைந்த கோடு. அதைத் தாண்டினால் ஆபத்து, தாண்டாவிட்டால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் அம்மா தனக்கென்று ஒரு மணி நேரமும் வைத்துக்கொள்ளவில்லை என்பது வீட்டுக்கே தெரியவருகிறது.

கடைசி அமர்வுகளில் ஒரு தாள் தயாராகும். நோய் திரும்புவதற்கு முன் அவனிடம் தெரியும் அடையாளங்கள்: இரண்டு ராத்திரி தூக்கமின்மை, செல்போனைத் துணியால் சுற்றுவது, சோற்றை மோந்து பார்ப்பது. எழுதுவது அவனேதான், ஏனென்றால் முதலில் தெரிவது அவனுக்கு. கீழே யாரைக் கூப்பிடுவது, யார் கூடப் போவது. மாத்திரை டப்பாவுக்குள் அந்தத் தாள் இருக்கும். ஒரு வருஷம் கழித்து இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் காலை அப்பா கடலுக்குப் போகாமல் அவனோடு பஸ் ஏறுகிறார். மருந்தின் அளவு மாற்றப்படுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்காமலே வீடு திரும்புகிறார்கள். இந்தச் சிகிச்சையின் வெற்றி என்பது இப்படித்தான் இருக்கும்.

கல்யாணம் என்ற பேச்சும் அந்த அறைக்குள் கட்டாயம் வரும். "ஒரு கால்கட்டுப் போட்டாச் சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நோயை மறைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடுகளின் கதையைச் சென்னையில் டாக்டர் ஆர். தாரா குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள். கணவனால் கைவிடப்பட்டுத் திரும்பி வந்த பெண்களை வயதான பெற்றோரே மறுபடி சுமந்தார்கள். கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தாகாது. சொல்லிச் செய்தால் அது அவர்கள் உரிமை. மறைத்துச் செய்தால் இரண்டு வீடு எரியும்.

பலன் உண்டா?

1982-இல் லெஃப் குழுவினர் சூடு அதிகமான 24 குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் மருந்து உண்டு. பாதிப் பேருக்குக் குடும்பச் சிகிச்சையும் உண்டு. ஒன்பது மாதத்தில் மருந்து மட்டும் பெற்றவர்களில் 50 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. மற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கு. சின்ன ஆய்வுதான். ஆனால் 2010 வாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் திசை மாறவில்லை, பலனின் அளவு மட்டும் கொஞ்சம் அடக்கமானது. மூன்று மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் குறைந்தது பத்து அமர்வுகள் தர வேண்டும் என்று இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது.

நாம் இதில் பின்தங்கியவர்கள் இல்லை. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர் வளாகத்தில் கூடாரம் போட்டு, நோயாளிகளோடு குடும்பங்களையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் உறவினர் ஒருவர் கூடவே தங்கிக் கற்றுக்கொள்வது பல பத்தாண்டு வழக்கம். இந்த வழக்கம் ஆள் பற்றாக்குறை காரணமாகத் தொடங்கியதா, தெளிந்த சிந்தனையால் தொடங்கியதா என்று வாதிடலாம். எதுவாக இருந்தாலும் மேற்கு நாடுகள் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்த அதே காலத்தில், இங்கே அவரைக் கூட்டாளியாக உட்காரவைத்தார்கள்.

சங்கிலியும் பஸ்ஸும்

கட்டுமாவடியிலிருந்து அதே கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா உள்ள ஏர்வாடிக்கான வழி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் சிக்கியவர்களில் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுவிட்டுப் போன குடும்பங்களைப் பற்றி அன்று கோபமாக நிறையப் பேசப்பட்டது. அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பத்து தடவை பேச அதற்கு முன் யார் இருந்தார்கள் என்ற கேள்வியை அவ்வளவு பேர் கேட்கவில்லை. சங்கிலி இன்று சட்டப்படி குற்றம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் அதைத் தடை செய்கிறது.

வழிபாட்டிடங்களை மொத்தமாக ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் ஒரு கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராம் குழுவினர் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். சங்கிலி இல்லை, அடி இல்லை, கூடவே ஒரு சொந்தக்காரர், கோயில் வேலையில் ஒரு பங்கு. மருந்தில்லாமலே சில வாரங்களில் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் அந்த ஆய்வில் இல்லை. ஆகவே மருந்தை விட்டுவிட இது காரணமாகாது. ஆனால் சூடு குறைந்த இடம் என்ன செய்யும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த ஒரு குறிப்பு இது.

1984-இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம் 2010-லிருந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஓட்டியது. உள்ளே ஒரு திரை, சின்ன மருந்தகம். ஊருக்குள் பஸ் வந்து நிற்கும். நோயாளியும் அவர் வீட்டாரும் ஏறி உட்கார்ந்தால் சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார், மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். 150-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்கான திட்டம் அது. பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து விசாரிப்பவர்கள் அந்தந்தப் பகுதியிலேயே பயிற்சி பெற்ற ஊழியர்கள். தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களில் 282 நோயாளிகளை வைத்து நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றிலும், இப்படிப் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் பேசியபோது, ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நிலைமை ஓரளவு மேம்பட்டது. வசதி குறைந்த கிராமப்புறங்களுக்கே இது மிகவும் ஏற்றது என்று ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள்.

ஆகவே எம்.டி. படித்தவர் வந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் வட்டாரத்துக்கு இருவருக்கு இந்தப் பத்து அமர்வுகளை நடத்தப் பயிற்சி கொடுத்து, அதற்கென்று தனிச் சம்பளமும் கொடுத்தால், கற்பனை செய்த அந்த வீட்டைக் கட்டுமாவடியில் நிஜமாகவே பார்க்கலாம். சம்பளம் இல்லாமல் இன்னொரு வேலையை அவர்கள் தலையில் வைப்பதை நான் ஏற்கவில்லை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நோயாளிக்காக மட்டுமல்ல, தூக்கமில்லாத அம்மாவும் அழைக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மருந்துச் சீட்டோடு எழுந்துவிடாமல், "வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்வது என்று சொல்ல ஒரு நாள் நேரம் கொடுங்கள்" என்று கேட்கலாம். போகும்போது அம்மா மட்டும் போகாமல் அண்ணனோ தங்கையோ ஒருவர் கூடப் போக வேண்டும். "எனக்கப்புறம் இவன யார் பாப்பா?" என்ற கேள்வியோடு தூங்காமல் கிடக்கும் பெற்றோருக்கு, அம்மாவுக்கு அறுபது ஆவதற்குள் அந்தத் தங்கைக்கு மாத்திரையின் பெயர், அந்தத் தாள், மருத்துவரின் முகம் மூன்றும் தெரிந்திருப்பதே ஒரு பதிலின் தொடக்கம். 2017 சட்டப்படி, தனக்காகப் பேச ஒருவரை 'நியமிக்கப்பட்ட பிரதிநிதி'யாக நோயாளியே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தேர்ந்தெடுக்கலாம். நன்றாக இருக்கும் ஒரு நாளில் அதை எழுதி வைத்துவிடுவது நல்லது.